‘வேணும்’ என்பதும் ‘விசுவாசம்’ என்பதும்: பாத்திரமேற்று மொழி கற்ற வரலாறு



1544 ஆம் ஆண்டு, முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றிக்கொண்டிருந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதே கரையில் வேறோர் ஊரில் இருந்த தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு ஒரு மடல் எழுதினார். அதில் ஒரு சிறு திருத்தம் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லும்போது ‘வேணும்’ என்று சொல்லிவந்த இடத்தில் இனி ‘விசுவாசம்’ என்ற சொல்லைச் சொல்லவேண்டும். முன்னையதற்கு ‘விரும்புகிறேன்’ என்பது பொருள், பின்னையதற்கே ‘நம்புகிறேன்’ என்பது பொருள். இதுவே அத்திருத்தத்தின் சாரம்.

சவேரியார் 1542 ஆம் ஆண்டின் இறுதியில் அக்கரையை அடைந்தவர். போர்த்துக்கீச மொழியைச் சிறிது அறிந்த தமிழரின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, அவற்றை மனனம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டிக் கற்பித்தார். அந்த உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் கடவுளை ‘நம்புகிறேன்’ என்று அறிக்கையிட வேண்டிய இடத்தில் கடவுள் ‘வேணும்’ என்றே மக்கள் சொல்லிவந்தனர். செபம் மனனமாகியிருந்தது, உச்சரிப்பும் பழகியிருந்தது. ஆனால் கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் இடையே அச்சொல்லைப் பற்றிய உரையாடல் நிகழ மொழி இடந்தரவில்லை. உரைபெயர்ப்பாளர் அருகில் இல்லாத நாள்களில் தாம் சொல்வது மக்களுக்கும், மக்கள் சொல்வது தமக்கும் விளங்காத நிலையைச் சவேரியாரே தம் மடல்களில் மறைக்காமல் எழுதியுள்ளார்.

ஒரு சொல்லை மனத்தில் பதித்து ஒப்புவிப்பது ஒன்று. அச்சொல்லைக் கொண்டு எதிரில் நிற்கும் மனிதரோடு பேசுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க மனிதர் கண்ட வழிகளுள் மிகப் பழையதொன்றைப் பற்றியே இன்று உங்களோடு பகிர விழைகிறேன். பாத்திரமேற்றுப் பேசுதல் என்பது அதன் பெயர்.

செப்டெம்பர் மாதத்தில் ரொறன்ரோவில் இருவகை வகுப்புகள் மீண்டும் தொடங்குகின்றன. ஒன்று, புதிதாக வந்தோர் ஆங்கிலம் கற்கும் ‘லிங்க்’ வகுப்பு. மற்றொன்று, நம் பிள்ளைகள் தமிழ் கற்கும் சனிக்கிழமை வகுப்பு. முதலாவது வகுப்புக்குச் செல்லும் நம்மவர் சிலர், குறிப்பாக ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள், சற்று மனத்தாங்கலோடு கேட்பதுண்டு: “சுவாமி, இலக்கணம் படிப்பிப்பார்கள் என்று போனால், ஒருவரை மருந்தாளராகவும் இன்னொருவரை நோயாளியாகவும் நிறுத்தி நாடகம் ஆடவைக்கிறார்கள். இந்த வயதில் எங்களுக்கு இது தேவையா?” கேள்வி நியாயமானது. விடையை வரலாற்றில் தேடுவோம்.

மடத்துப் பள்ளியில் ஓர் உழவன்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 10 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில் எல்ஃப்ரிக் என்னும் பெனடிக்ற் சபைத் துறவி வாழ்ந்தார். அவருடைய மடத்துப் பள்ளியில் சிறுவர்கள் இலத்தீன் கற்றனர். அவர்களின் வீட்டுமொழி பழைய ஆங்கிலம். இலத்தீன் அவர்களுக்கு முற்றிலும் அயல்மொழி. ஆனால் வழிபாடும் வாசிப்பும் அம்மொழியிலேயே நடந்தன.

எல்ஃப்ரிக் அவர்களுக்கென ஓர் இலக்கண நூலை எழுதினார். அத்தோடு நின்றுவிடாமல் ஓர் உரையாடல் நூலையும் எழுதினார். அதில் சிறுவர்கள் உழவன், இடையன், வேட்டைக்காரன், மீனவன், வணிகன், செருப்புத் தைப்பவன், அப்பம் சுடுபவன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கின்றனர். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் அவரவர் தொழிலைப் பற்றி வினவுகிறார். உழவன் விடியுமுன் எருதுகளை ஓட்டிச் செல்லும் துன்பத்தைச் சொல்கிறான். தான் சுதந்திரமானவன் அல்லன் என்பதையும் சொல்கிறான். திமிங்கிலம் பிடிப்பாயா என்று கேட்டால், மீனவன் அந்த ஆபத்து வேண்டாம் என்கிறான். இறுதியில் எத்தொழில் உயர்ந்தது என்ற வாதம் எழுகிறது. அவரவர் தம் தொழிலைச் செவ்வனே செய்க என்ற அறிவுரையோடு அது அடங்குகிறது.

நம் ஊர்ப் பட்டிமன்றம் போன்ற இந்த வகுப்பில் நிகழ்ந்தது என்ன? மடத்தில் வளரும் சிறுவன் ஒருவன், தான் ஒருபோதும் ஏர் பிடிக்காதவன், உழவனின் வாயாக இருந்து இலத்தீனில் பேசினான். அவனுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. சொல்லவேண்டிய செய்தியும் கேட்பதற்கு ஒருவரும் இருந்தனர். மொழிவகுப்பில் பாத்திரமேற்றலுக்கு நமக்குக் கிடைக்கும் தெளிவான பழஞ்சான்றுகளுள் இது ஒன்று. அதை எழுதியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதையும் நினைவிற்கொள்வோம்.

இம்மரபு அறுபடவில்லை. எராஸ்மஸ் பாரீசில் மாணவர்க்குக் கற்பித்த நாள்களில் எழுதிய இலத்தீன் உரையாடல்கள் 1518 இல் அச்சேறின. சந்திக்கும்போது வணங்குவது எப்படி, விருந்தில் பேசுவது எப்படி என்பவற்றை அவை கற்பித்தன. லூயிஸ் விவெஸ் 1539 இல் வெளியிட்ட உரையாடல் நூல், காலையில் துயிலெழுவது முதல் மாணவனின் நாள் முழுவதையும் இலத்தீனில் வாழவைத்தது. இயேசு சபையாரின் கல்லூரிகளில் மாணவர்கள் இலத்தீனில் நாடகம் நடித்தனர். அச்சபையின் 1599 ஆம் ஆண்டுக் கல்வி ஒழுங்கு அதற்கும் விதி வகுத்தது.

கத்தோலிக்க அரசரின் ஆட்சியில் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த மொராவிய ஆயர் யோவான் ஆமோஸ் கொமேனியசும் இதே வழியையே தெரிந்தார். அங்கேரியின் சாரொஸ்பட்டக் நகரப் பள்ளியில், தம்முடைய இலத்தீன் பாடநூலை எட்டு நாடகங்களாக மாற்றி, 1654 ஆம் ஆண்டளவில் மாணவரை நடிக்கவைத்தார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘விளையாட்டாகிய பள்ளி’ என்பது. ஏதிலியாக அலைந்த அந்தக் கல்வியாளர், மொழியும் உலகமும் ஒருங்கே கற்கப்படவேண்டும் என்று நம்பினார்.

முத்துக்குளித்துறையில் கற்றவர்கள் குருக்கள்

மீண்டும் நம் கரைக்கு வருவோம். சவேரியாருக்குப் பின் அங்கே வந்தவர் அன்றீக்கு அன்றீக்கஸ் அடிகளார். போர்த்துக்கலில் பிறந்து, 1546 இல் இந்தியா வந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டு, 1600 ஆம் ஆண்டு இறக்கும்வரை அரை நூற்றாண்டு அம்மக்களோடு வாழ்ந்தவர்.

அவர் இருவழிகளில் தமிழைக் கற்றார். முதலாவது, இலக்கணம். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தின் சட்டத்தில் தமிழ் வினைகளையும் வேற்றுமைகளையும் வகைப்படுத்தி எழுதினார். அக்கையெழுத்துப்படி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் பதிவாகியிருப்பவற்றுள் பெரும்பகுதி கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழ்.

இரண்டாவது, பேசுதல். அவரும் உடனிருந்த குருக்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேசுவதென்று உடன்பட்டதையும், தவறியவர் அதற்கென ஒரு தவமுயற்சி செய்யவேண்டும் என்ற ஒழுங்கையும் அவருடைய மடல்கள் தெரிவிக்கின்றன. சற்று எண்ணிப் பாருங்கள். போர்த்துக்கல்லும் இத்தாலியும் தாயகமாகக் கொண்ட ஐரோப்பியர் சிலர், ஓலைக் குடிலில் அமர்ந்து, உப்பு வேண்டும் என்பதையும் தலைவலிக்கிறது என்பதையும் ஒருவருக்கொருவர் தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லிக்கொள்கின்றனர். தம் மொழியில் நொடியில் முடியக்கூடிய உரையாடலை, தமிழராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு நீட்டி நிகழ்த்துகின்றனர். இது பாத்திரமேற்றலே. மேடை மட்டுமே இல்லை.

அதன் விளைவை அச்சு நூல்களில் காணலாம். 1578 ஒக்டோபர் 20 ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறுநூல். மறு ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ குருவும் சீடனும் உரையாடும் வடிவிலான மார்க்கோஸ் ஜோர்ஜின் மறைக்கல்வி நூலைத் தழுவியது. 1580 இல் ஒப்புரவு அருட்சாதனத்துக்கான கையேடு வந்தது. நம் முன்னோர் அதைப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றே அழைத்தனர். இக்கையேட்டைப் பற்றி ஒரு சொல். ஒப்புரவில் ஒரு மனிதர் தம் உள்ளத்தைத் திறக்கிறார். கேட்கும் குரு மனனம் செய்த செபத்தைச் சொல்லி அங்கே தப்ப முடியாது. வருபவர் என்ன சொல்வார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்டு விளங்கவேண்டும், தேவையான இடத்தில் வினவவேண்டும், ஆறுதல் சொல்லவேண்டும். ஆகவே வினாவும் விடையுமாகப் பயில்வது அக்குருக்களுக்கு உயிர்நாடியான தேவையாயிற்று. ‘வேணும்’ என்ற சொல் ‘விசுவாசம்’ என்று திருந்தியது முதல் ஒப்புரவைத் தமிழில் கேட்கும் நிலைவரை, மனனத்திலிருந்து உரையாடலுக்கு நடந்த பயணத்தை இந்நூல்களில் நாம் பார்க்கிறோம்.

இந்நூல்களைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் நம் ஈழத்துக் குரு தனிநாயகம் அடிகளார். ஆங்கிலமும் இலத்தீனும் இத்தாலியமும் கற்றுத் தேர்ந்த அவர், குருவானபின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி செய்த காலத்திலேயே தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார் என்பதை, தமிழைப் பிந்திக் கற்கும் நம் இளையோர் அறிந்திருப்பது நன்று.

18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் இதே தேவையைக் கண்டார். இத்தாலியரான அவர் ‘தேம்பாவணி’ பாடுமளவுக்குச் செந்தமிழில் தேர்ந்தவர். ஆயினும் புதிதாக வரும் குருக்களுக்கென அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணங்களுள் ஒன்று கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, உரியது. நாம் சிறுவயதில் சிரித்து மகிழ்ந்த ‘பரமார்த்த குருவின் கதை’யும் தமிழ் கற்கும் ஐரோப்பியருக்குப் பயிற்சி நூலாகவே எழுதப்பட்டது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய சீடர்கள் குருவோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காவியம் பாடியவர், கற்போர்க்கு முதலில் வேண்டியது உரையாடல் என்பதை அறிந்திருந்தார்.

தவமுயற்சி யாருக்கு?

இங்கே ஒரு கடினமான உண்மையையும் சொல்லியாகவேண்டும். முத்துக்குளித்துறையில் மக்களின் மொழியைப் பேசத் தவறிய குருவுக்கே தவமுயற்சி விதிக்கப்பட்டது. கற்கும் சுமையைப் பணிசெய்ய வந்தவரே ஏற்றார்.

நாம் இன்று வாழும் இந்நாட்டில் அது தலைகீழாக நடந்தது. வதிவிடப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகளில் மிகப் பலர் தம் தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். அப்பாடசாலைகளுள் பலவற்றைக் கத்தோலிக்க நிறுவனங்கள் நடத்தின. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் இதை விரிவாகப் பதிவுசெய்தது. 2022 ஜூலை 25 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், அல்பேர்ட்டா மாகாணத்தின் மாஸ்க்வாசிசில் மன்னிப்புக் கேட்டார். ஒரே திருச்சபையின் வரலாற்றில் இவ்விரண்டும் உள்ளன. புதிய மொழியைக் கற்பிக்க ஒருவரின் பழைய மொழியைப் பறிக்கவேண்டும் என்று எண்ணுவது பெரும் தீமை. இதை மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

ரொறன்ரோ சொன்ன விடை

கனடாவில் வளர்ந்தோர்க்கான மொழிக்கல்வி மரமறுக்கும் முகாம்களிலும் தொடருந்துப் பாதைகளிலும் தொடங்கியது. பிரெஸ்பிற்றேரியன் சபைப் பணியாளரான அல்பிரட் பிற்ஸ்பற்றிக் 1899 இல் நிறுவிய அமைப்பு, பிற்காலத்தில் ‘புறொன்ரியர் கொலிஜ்’ எனப் பெயர்பெற்றது. அதன் ஆசிரியர்கள் பகலில் தொழிலாளரோடு தொழிலாளராக வேலை செய்து, இரவில் அவர்களுக்கே ஆங்கிலம் கற்பித்தனர். 1919 இல் ரொறன்ரோவில் வெளியான பிற்ஸ்பற்றிக்கின் கைந்நூல், புதிய கனடியருக்கு அன்றாட வாழ்வை ஒட்டிய ஆங்கிலப் பாடங்களையும் குடியுரிமைப் பாடங்களையும் சேர்த்தே தந்தது.

ஆனால் பாத்திரமேற்றல் ஏன் பயன்தருகிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இந்நகரத்திலேயே பிறந்தது. மொழியறிவு என்பது இலக்கண அறிவு மட்டுமன்று, சமூகச் சூழலுக்கேற்பப் பேசும் திறனும் ஆகும் என்பதை அமெரிக்க மானிடவியலாளர் டெல் ஹைம்ஸ் வலியுறுத்தியிருந்தார். 1980 இல், ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ கல்வியாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் கனாலும் மெரில் சுவெயினும் அக்கருத்தை விரித்து ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் தொடர்பாடல் திறனை மூன்றாகப் பகுத்தனர். முதலாவது இலக்கணத் திறன். இரண்டாவது சமூகத் திறன்: யாரிடம், எங்கே, எப்படிப் பேசுவது என்ற அறிவு. மூன்றாவது உத்தித் திறன்: சொல் வராதபோது வேறு வழியில் பொருளை உணர்த்தும் ஆற்றல்.

மருந்தாளர், நோயாளி நாடகத்தை இப்போது மீண்டும் பாருங்கள். ‘ஒவ்வாமை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவில்லை. “இந்த மருந்தைக் குடித்தால் உடம்பெல்லாம் தடிக்கும்” என்று சொல்லிச் சமாளிக்கிறீர்கள். அது உத்தித் திறன். மருந்தாளர் சொன்னது விளங்காதபோது தலையாட்டிவிட்டு வராமல், “மன்னியுங்கள், இன்னொருமுறை சொல்லுங்கள்” என்கிறீர்கள். அது சமூகத் திறன். இவை இரண்டும் இலக்கண அட்டவணையில் கிடைப்பவை அல்ல. விளங்காமல் தலையாட்டியதால் மருந்தளவு மாறிப்போகும் ஆபத்து உண்மையானது. அந்த ஆபத்தை வகுப்பறையில், யாருக்கும் தீங்கில்லாமல், முன்கூட்டிச் சந்திக்கவைப்பதே ஆசிரியரின் நோக்கம்.

‘லிங்க்’ திட்டம் 1992 இல் தொடங்கியது. கனடிய மொழித் தரநிலைகள் 1996 இல் முதலில் வெளியாயின. பன்னிரண்டு படிநிலைகள் கொண்ட அத்தரநிலைகள், “எத்தனை விதிகள் தெரியும்” என்று கேட்பதில்லை. “இம்மொழியில் என்ன செய்ய முடியும்” என்று கேட்கின்றன. தொலைபேசியில் முன்பதிவை மாற்ற முடியுமா? பிள்ளையின் ஆசிரியரிடம் கவலையைச் சொல்ல முடியுமா? செய்யமுடியுமா என்பதை அறியச் செய்துபார்க்கவேண்டும்.

நல்ல ஆசிரியர் இதை ஒரு செயற்றிட்டமாக நடத்துவார். வகுப்பு இரண்டு வாரங்களுக்கு ஒரு மருத்துவ நிலையமாக மாறும். முதலில் உண்மையான படிவங்களைத் திரட்டி வாசிப்பர். தேவையான சொற்களைப் பட்டியலிடுவர். பின்னர் பாத்திரங்கள் பகிரப்படும். நோயாளியின் அட்டையில் உள்ளது வரவேற்பாளருக்குத் தெரியாது. வரவேற்பாளரிடம் எந்த நேரம் காலியாக உள்ளது என்பது நோயாளிக்குத் தெரியாது. எனவே கேட்டே ஆகவேண்டும். இறுதியில் எல்லோரும் அமர்ந்து எங்கே தடுமாறினோம், அவ்விடத்தில் என்ன சொல்லியிருக்கலாம் என்று பேசுவர். எழுதி மனனம் செய்த வசனங்களை ஒப்பித்தால் இப்பயன் கிட்டாது. நம் ஊர்த் தென்மோடிக் கூத்தில் அண்ணாவியார் சொல்லித்தந்த பாட்டை எழுத்துப் பிசகாமல் பாடுவதே சிறப்பு. இங்கே எதிர்பாராத கேள்விக்குச் சொந்தச் சொல்லில் விடை தருவதே சிறப்பு.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இப்பாடங்களில் புதிதாக வந்தவர் எப்போதும் நோயாளி, வாடகைக்குக் குடியிருப்பவர், வேலை தேடுபவர். மருத்துவரும் வீட்டு உரிமையாளரும் மேலாளரும் வேறு யாரோ. ஊரில் அதிபராக இருந்தவருக்கு இது நோவைத் தரும். ஆதலால் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். இன்று நீங்கள் மருத்துவராக இருந்து அறிவுரை சொல்லுங்கள். உங்களுக்குள் இருக்கும் அதிபர் ஆங்கிலத்திலும் பேசத் தொடங்குவார்.

“விளங்கும், கதைக்க வராது”

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். 1965 இல் கியூபெக்கின் சென் லம்பேர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி கனடா முழுவதும் பரவியது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்றனர். அவர்களை ஆராய்ந்த மெரில் சுவெயின் 1985 இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்ட அப்பிள்ளைகளின் விளங்குதிறன் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரின் திறனை நெருங்கியது. பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு எட்டவில்லை. கேட்பது மட்டும் போதாது. தாமே சொல்லியாகவேண்டிய கட்டாயம் வரும்போதே கற்போர் தம்மிடம் எது இல்லை என்பதைக் காண்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

இதை வாசிக்கும் பெற்றோர் பலருக்கு அப்பிள்ளைகளின் முகம் பழக்கமானதாகத் தோன்றும். “பிள்ளைக்குத் தமிழ் விளங்கும் சுவாமி, கதைக்க வராது” என்பது நம் பங்கில் அடிக்கடி கேட்கும் சொல். ஒன்ராறியோ அரசு 1977 இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழியில் நம் பிள்ளைகள் பாடசாலைச் சபைகளின் வகுப்புகளில் தமிழ் கற்கின்றனர். ஆத்திசூடியைப் பிழையின்றிச் சொல்கின்றனர். பேச்சுப்போட்டியில் பெற்றோர் எழுதித்தந்த உரையை முழங்கி வெற்றிக் கேடயம் பெறுகின்றனர். இவற்றைக் குறைசொல்ல மாட்டேன். மனனம் ஒரு செல்வம். ஆனால் போட்டி முடிந்து மேடையிலிருந்து இறங்கும் பிள்ளை அம்மம்மாவிடம் “எனக்குப் பசிக்குது” என்று சொல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னால், நாம் 1544 ஆம் ஆண்டில் நிற்கிறோம். செபம் உண்டு, உரையாடல் இல்லை.

இதில் இழப்பு எது என்பதை மூதாளர் இல்லங்களில் நான் காண்கிறேன். மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்குவதுண்டு. முப்பது ஆண்டுகள் இங்கே ஆங்கிலத்தில் வேலை செய்த தாய், இறுதியில் தமிழுக்கே திரும்புகிறார். கட்டிலருகே நிற்கும் பேரப்பிள்ளை அன்பு நிறைந்தவன். தாத்தாவின் பெயரும் ஊரும் அறிந்தவன். ஆனால் “எங்கே நோகுது அம்மம்மா?” என்று கேட்கவும், வரும் விடைக்கு மறுமொழி சொல்லவும் அவனால் இயலவில்லை. அந்நேரத்தில் எந்த உரைபெயர்ப்பாளரும் பேரனின் குரலாக முடியாது.

ஆகவே நம் தமிழ் வகுப்பு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் முன்வைக்கும் வேண்டுகோள் இது. வரும் பருவத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு செயற்றிட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

சிறிய பிள்ளைகள் வகுப்பறையை ஊர்ச் சந்தையாக்கலாம். ஒருவர் மீன் விற்கட்டும்; ஒருவர் விலை பேசட்டும்; எழுதித்தந்த வசனம் வேண்டாம். எல்ஃப்ரிக்கின் பள்ளியிலும் ஒரு மீனவன் இருந்தான். முத்துக்குளித்துறையிலும் மீனவர் இருந்தனர். பாசையூரிலும் மன்னாரிலும் நம் உறவினர் இருக்கின்றனர்.

நடுவகுப்புப் பிள்ளைகள் மடுத்திருப்பதிக்குச் செல்லும் பயணத்தைத் திட்டமிடலாம். பேருந்து நேரம் கேட்பது, தங்குமிடம் பேசுவது, வழி தவறினால் விசாரிப்பது எல்லாம் தமிழில் நடக்கட்டும்.

மூத்த மாணவர் வைத்தியசாலைக் கட்டிலருகே நிகழும் உரையாடலைப் பயிலட்டும். ஒருவர் அம்மம்மா, ஒருவர் பேரப்பிள்ளை, ஒருவர் தமிழ் தெரியாத தாதி. பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொள்ளட்டும். அம்மம்மாவாக நடிக்கும் பிள்ளைக்கு, தன் சொல்லை யாரும் விளங்கிக்கொள்ளாத துயரம் என்ன என்பதும் தெரியவரும்.

நம் மூத்தோரை இவ்வகுப்புகளுக்கு அழையுங்கள். பிழை திருத்துவதற்கு மட்டும் அழைக்கவேண்டாம். மீன் வாங்குபவராகவும் வழி சொல்பவராகவும் பிள்ளைகளோடு பங்கேற்க அழையுங்கள். பிள்ளை பிழையாகப் பேசும்போது சிரிக்காதிருப்போம். ஓலைக் குடிலில் தடுமாறித் தமிழ் பேசிய குருக்களை நம் முன்னோர் பொறுமையோடு கேட்டனர். அப்பொறுமையை நம் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டலாம். வீட்டில் நாளுக்கு அரைமணி நேரம், இரவு உணவின்போது, அன்றீக்கஸ் அடிகளாரின் ஒழுங்கை நாமும் கைக்கொள்ளலாம். தவறியவருக்குத் தவமுயற்சியாகப் பாத்திரம் கழுவுதலை விதிக்கலாம். அது பெற்றோருக்கும் பொருந்தட்டும்.

‘லிங்க்’ வகுப்புக்குச் செல்லும் பெரியவர்களே, அடுத்தமுறை உங்களை எழுந்து நின்று மருந்தாளராக நடிக்கச் சொன்னால் தயங்காதீர்கள். வீட்டுக்கு வந்து அதையே உங்கள் பிள்ளைகளோடு தமிழில் நடித்துக் காட்டுங்கள். நீங்கள் அவர்களிடம் ஆங்கிலத்தின் ஒரு சொல்லைக் கேட்பீர்கள். அவர்கள் உங்களிடம் தமிழின் ஒரு சொல்லைக் கேட்பார்கள்.

வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. அவர் பேசியது கலிலேயாவின் மீனவரும் பெண்களும் சிறுவரும் வீட்டில் பேசிய மொழி. அவர் நம் இல்லங்களின் பேச்சிலும் உடனிருப்பாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குப் பணியாளன்